உள்பக்கத்து அலை

மூன்றடுக்குப் பருத்தித் துணி.
வெளியே வெறும் அவுரி நீலம், முதுகில் குழுவின் முத்திரை.
உள்ளேதான் கடல்:
செதில்மேல் செதிலாய் அரைவட்டங்கள்,
ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் மூன்று.
முந்நூற்றுப் பதினேழு அலை தைத்தேன்.
எண்ணியது நான்தான். கிஹச்சிக்கு
எண்ணிக்கையில் நம்பிக்கை கிடையாது.

"யாரும் பார்க்காத பக்கத்தில் எதற்கு இத்தனை?"
என்றாள் பக்கத்து வீட்டு ஒதாகி,
ஊறுகாய் முள்ளங்கியைக் கடித்தபடி.
நெருப்புக்குத் தெரியக் கூடாதாம்.
முதுகுத் தோலோடு ஒட்டிக் கிடக்க வேண்டுமாம் கடல்.
அணைத்துவிட்டுத் திரும்பும்போது மட்டும்
சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார்கள்.
அது அவர்களுடைய திமிர்.
எனக்கும் கொஞ்சம் பிடிக்கும்.

கடைசி வரிசையில் இருந்தேன்.
தூரத்து நெருப்பென்றால் மணியை ஒற்றை ஒற்றையாய் அடிப்பார்கள்.
இது, மணியின் வயிற்றுக்குள் கம்பை விட்டுக் கலக்குகிற சத்தம்.
ஊசி தவறி ஓர் அலை தலைகீழாய் விழுந்தது.
பிரிக்க நேரமில்லை; நூலைப் பல்லால் கடித்தேன்.
வாளியை அவன்மேல் கவிழ்த்தேன்.
தைத்த நீரும் மொண்ட நீருமாய்
கல்லாய்க் கனத்தது சட்டை.
ஓடினான்.

வடமேற்குக் காற்று.
ஃபுககாவாவில் சந்துக்குச் சந்து கால்வாய்,
ஆனாலும் இங்கே நெருப்பைத் தண்ணீர் அணைப்பதில்லை.
எரியப்போகும் வீட்டை எரியுமுன் இடிப்பார்கள்.
தின்ன ஒன்றுமில்லாமல் அது நிற்கும்.

எந்த வரிசையோடு நிறுத்துவது என்று
கூரைமேல் கொடிக்கம்பத்தோடு நின்றவன் கைகாட்டினான்.
எங்கள் வரிசை.

கிஹச்சி என்னைப் பார்க்கவில்லை.
கொக்கிக் கழியை எங்கள் உத்தரத்தில் மாட்டி
மூச்சைப் பிடித்து இழுத்தான்.
எல்லாரும் இழுத்தார்கள்.
அத்தனை இரைச்சலிலும்
அரிசிப் பானை உடைந்தது எனக்குத் தனியாகக் கேட்டது.

விடியலில், முன்தெருவோடு நெருப்பு நின்றது.
சட்டைகளைப் புரட்டினார்கள்.
ஒருவன் முதுகில் புலி, ஒருவன் முதுகில் நீர்நாகம்.
சோற்றுக்கு வழியில்லாத தெரு ஆர்ப்பரித்தது.
அவன் என் முன்னால் வந்து
பேச்சுக்குப் பதிலாக
முதுகைக் காட்டி நின்றான்.

புகையேறிய கடல்.
அலைவிளிம்புகளில் வியர்வை காய்ந்து
நிஜ உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
தலைகீழ் அலை, இடது விலாவுக்குச் சற்றுக் கீழே.
விரலை வைத்தேன்.
சுட்டது.

"இதைப் பிரித்துத் தைக்க வேண்டும்" என்றேன்.
"தையேன்" என்றான், திரும்பாமல்.
ஊசி எங்கே கிடக்கிறதென்று
இரண்டு பேருக்கும் தெரியும்.