சாவாளை வெள்ளி

கறுப்பு அட்டை, அறுநூறு.
மேலே வெள்ளி எழுத்து.
ஆர்டர் சீட்டில் இவ்வளவுதான் குறித்தேன்.
பூங்காவனம் குனிந்து பார்த்து
"என்ன வெள்ளின்னு எழுதலியே" என்றார்.

கடலூர் முதுநகரில்
பன்னிரண்டு வருஷமாய் ஸ்கிரீன் பிரிண்டிங் போடுகிறேன்.
இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர்.
கூடைக்குள் கைவிட்டு
ஒரு சாவாளையை வாலோடு உருவி
என் கண்ணாடி மேசையில் நீளமாய்க் கிடத்தினார்,
பிலிம் பார்க்கிற மேசையென்று தெரியாமல்,
அல்லது தெரிந்தே.
"இது."

ஸ்விட்சைப் போட்டேன்.
கீழிருந்து வெளிச்சம் வந்ததும் மீன் கறுத்துப்போனது.
அணைத்தேன்.
ஜன்னல் வெயிலில் திரும்பவும் வெள்ளி.

மகன் தேசிங்கு போனை நீட்டினான்.
"இந்த டிசைன்தாங்க்கா. இதே மாதிரி மின்னணும்."
போனில் இருந்தது சாம்பல் நிறம்.
ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையைத் தடவி
அதை மின்னுவதாக நம்பவைத்திருந்தார்கள்.
போனைச் சாய்க்கச் சொன்னேன். ஒன்றும் நகரவில்லை.
மீனைச் சாய்த்தேன்.
தலையிலிருந்து வால்வரை
ஒரு கோடு வெளிச்சம் ஓடித் திரும்பியது.

முதல் கலவை
பாத்திரக்கடை எவர்சில்வர் மாதிரி வந்தது.
இரண்டாவதில் மீடியம் கூடி
மழைநாள் தகரம்.
பொடியின் ஒவ்வொரு துணுக்கும்
படுக்க வேண்டும், செதில்போல,
ஒன்றின்மேல் ஒன்று.
நின்றுவிட்டால் வெறும் சாம்பல்.
துணியை மாற்றினேன், கண் பெரியதாக.
ஸ்குவீஜியைச் சாய்த்து
மூச்சுவிடாமல் ஒரே இழுப்பு.
படுத்தது.

முகூர்த்த நேரத்துக்கு மட்டும் தங்கம் கேட்டிருந்தார்.
"அதுல தங்கம் கிடையாதும்மா, செம்பும் துத்தநாகமும்.
உப்புக்காத்துல ஆறு மாசத்துல கறுத்துடும்."
"கல்யாணமே ஆறு நாள்ல" என்றார்.

பெண் பெயர் ஆதிலட்சுமி.
அவள் போனிலேயே சொல்லிவிட்டாள்,
தன் பெயர் கண்ணைப் பறிக்கிற ரோஸில் வேண்டுமென்று.
கறுப்பின்மேல் நேராகப் போட்டால்
ரோஸைக் கறுப்பு குடித்துவிடும்.
முதலில் வெள்ளை.
அது காயும்வரை டீ.
தெற்குக் காற்றில் சிப்காட் வாடை வந்து
தின்னர் வாடையோடு கலந்து
எது என்னுடையதென்று தெரியாத நேரம்.
பிறகு வெள்ளையின் தலைமேலேயே ரோஸ்.
மயிரிழை விலகினாலும்
பெயருக்கு ஒரு பேய் முளைக்கும்.
பத்தொன்பது அட்டைகளில் முளைத்தது.
மேசைக்கடியில் தள்ளிவிட்டேன்.

வாங்க வந்த அன்று உண்மையைச் சொன்னேன்.
"வெள்ளி தொட்டா ஒட்டும்.
மேல வார்னிஷ் அடிச்சுத் தர்றேன், காசு வேணாம்."

அவர் ஒரு அட்டையை எடுத்துக்
கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.
விரலைப் பார்த்தார்.
"ஒட்டட்டும்.
கையில ஒட்டாத சாவாளைய எவன் வாங்குவான்?
நேத்துப் புடிச்சதுன்னு
வுட்டுட்டுப் போயிடுவான்."

மறுநாள் ரேஷன் கடையில்
மிஷின் என் கட்டைவிரலை நம்பவில்லை.
ரேகை பொருந்தவில்லை.
மண்ணெண்ணெயில் கழுவி, தேங்காயெண்ணெய் போட்டு,
சோப்பும் போட்ட விரல்தான்.
பள்ளங்களில் இன்னும் அறுநூறு அட்டை இருந்தது.
ரேகை பொருந்தவில்லை.
"நல்லா அழுத்தும்மா" என்றார் கடைக்காரர்.
முந்தானையில் துடைத்து அழுத்தினேன்.
நான்காவது தடவை பச்சை எரிந்தது.
இரண்டு கிலோ சர்க்கரை.

பில்லைச் சரிபார்த்துக்கொண்டு
ஓரமாய் நின்றேன்.
எனக்குப் பின்னால் இருந்தவர்கள்
ஒவ்வொருவராய் வந்து
அந்தச் சின்னக் கண்ணாடியை அழுத்திவிட்டுப் போனார்கள்.
ஒருத்தர் மட்டும் நின்று
விரலை மூக்கருகே கொண்டுபோனார்.
மீனில்லை என்று தெரிந்ததும்
முகம் சுளித்து வேட்டியில் துடைத்தார்.

வேட்டியில் ஒரு கோடு.
அவர் வெயிலில் இறங்கி
சைக்கிளைத் திருப்பும்போது மட்டும்
தெரிந்தது.