கசிவு

கடலடியில் எனக்கு மூச்சு
படகிலிருந்து வரும்.
மஞ்சள் குழாய், அறுபது மீட்டர்.
மேலே எரிபெர்த்தோ
கம்ப்ரசரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.
குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை.
பதினாறு வருஷமாக நான் அவனுக்கு நன்றி சொன்னதில்லை.

ஜூலையில் பல்தசாருக்கு ஃப்ளூ.
தீவு முழுக்க வந்ததுதான்.
நாலாம் நாள் எழுந்து
உருளைக்கிழங்கு ரொட்டி கேட்டான்.
விட்டுவிட்டது என்றாள் நெல்தா,
போர்வையை அலசி அடுப்புக்கு மேலே காயப்போட்டாள்.

போனவன் கதவைச் சாத்தாமல் போயிருக்கிறான்.
பின்னாலேயே வேறொருவன் நுழைந்துவிட்டான்.

ஆறாம் இரவு
கடற்சிங்கக் குட்டிபோல இருமினான்.
உள்ளே இழுத்த ஒவ்வொரு மூச்சும்
ஈரப் பலகையில் ரம்பம்.
காஸ்த்ரோவில் ஆவி மருந்து இரண்டு தரம் வைத்தார்கள்.
வழக்கமாக இதற்கே அடங்கும் என்ற டாக்டர்
மூன்றாவதை வைக்காமல்
போனை எடுத்தார்.

நீரிணையில் பாதி தூரம் போன படகு
எங்களுக்காகத் திரும்பி வந்தது.
காலித் தளத்தில் ஒரே ஒரு ஆம்புலன்ஸ்.
காற்று அவ்வளவு இருந்தது அங்கே,
அள்ளிக்கொள்ள முடியாமல்.

புவெர்த்தோ மோந்த்தில்
தொண்டைக்குள் விளக்கைவிட்டுப் பார்த்தார்கள்.
மூச்சுக்குழலின் உள்தோல்
சுவர்ச் சுண்ணாம்பாய் உரிந்து தொங்குகிறதாம்,
பின்னால் சீழ்.
அவனுக்குள் வைத்த குழாய்
என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.

நான் எரிபெர்த்தோ ஆனேன்.
கண்ணை எடுக்கவில்லை.
மணிக்கொரு தரம் ஒரியானா வந்து
உறிஞ்சி எடுப்பாள், பச்சையாய், கோந்துபோல.
போய்த் தூங்குங்கள் என்றாள்.
மடங்கிவிட்டால்?
மடங்காது.
எங்களிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன்.

ஒரு தரம் மயக்கம் தெளிந்து அழுதான்.
குரலுக்குக் குறுக்கே குழாய் கிடந்தது.
வாய் அழுதது, கண் அழுதது,
சத்தம் மட்டும் இல்லை.
கீழே நாங்கள் பேசிக்கொள்வதும் அப்படித்தான்.
கட்டைவிரலைக் காட்டினேன்.
அவனுக்கு அது தெரியாது.

ஐந்தாம் நாள்
கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு
கசிகிறது என்றாள் ஒரியானா.

என் தொழிலில் அந்த வார்த்தைக்கு
ஒரே அர்த்தம்தான்.
எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

இல்லை இல்லை, நல்ல சேதி என்றாள்.
வீக்கம் வடிந்திருக்கிறது,
குழாயைச் சுற்றிக் காற்றுக்கு வழி கிடைத்திருக்கிறது,
நாளைக்கு எடுத்துவிடலாம்.

நடைவழிக்கு வந்து எரிபெர்த்தோவைக் கூப்பிட்டேன்.
எப்படி இருக்கிறான் என்றான்.
கசிகிறது என்றேன்.

அந்தப் பக்கம்
கம்ப்ரசர் நின்றுபோனது போல இருந்தது.