களஞ்சியக் கணக்கு

எமிலியானுஸ் பாட்டு எழுதியது
பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக் களஞ்சியத்தின்
பழைய பேரேடு ஒன்றில்.
பெற்றது, வழங்கியது, இருப்பு:
சிவப்புக் கோட்டுக்குள் மூன்று நிரல்.
ஒரு பாட்டு முடிந்தால் பெற்றது ஒன்று,
திகதி, கையொப்பம்.

பகலில் குளோரின் சிலிண்டர் எண்ணுவார்.
பின்னேரம் கிளப்பின் பின்விறாந்தையில் ஐந்து பேர்,
அவரோடு அக்கோடியன்,
கிளாரினட், வயலின்,
பேஸுக்குத் தேயிலைப் பெட்டியும் கயிறும்,
என் முழங்காலுக்கிடையில் பொங்கோ.
கைதட்டி நிறுத்துவார்:
"மெதுவா காணும், மெதுவா.
கேக்கிறவன் தேத்தண்ணியைக் கீழை வைக்கக் கூடாது.
அவன் தன்ரை பாட்டிலை கதைக்கட்டும்.
நாங்கள் அந்தக் கதைக்குக் கீழாலை ஓடுவம்."

ஓடினோம், பத்து வருசம்.
வவுனியா ரெஸ்ற்ஹவுஸில் எஞ்சினியர்மாருக்கு வால்ஸ்,
கிளிநொச்சியில் அரிசி ஆலை திறப்புக்கு ரும்பா.
மாங்குளத்து ஸ்ரேசன் மாஸ்டர் மகளின் கலியாணத்தில் மழை;
தகரக் கூரை எங்களை விழுங்கிவிட்டது,
ஆனாலும் காசு தந்தார்கள்.
முறிகண்டிக்கு இப்பால் ஓர் இரவு
லொறி வெளிச்சத்தில் நின்ற ஒற்றை யானை
றோட்டை விடும்வரை ஒன்றரை மணித்தியாலம்.
அதற்குள் இரண்டாம் சரணம் முடித்தார்.
அதில் யானை இல்லை.

மாதம் ஒரு பாட்டு கொழும்பு வானொலிக்குத் தபாலில் போகும்.
"பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும்,
எல்லாக் கடிதத்திலும் அதே 'சீ' சுழி தேய்ந்து.
நாற்பத்தொன்றில் முப்பத்தாறு சுமார்தான்.
பொங்கோ அடித்தவன், நான் சொல்லலாம்.

அறுபத்திரண்டு மாசி, ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம்
கன்ரீன் ரேடியோவில் வேறு யாரோ பாடினார்கள்:
வாய்க்காலே, வாய்க்காலே, வளைவிலே நில்.
வன்னி நாட்டார் பாடல் என்றார் அறிவிப்பாளர்,
இயற்றியவர் தெரியவில்லை.
நான் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டேன்.
அவர் பேனை தேடினார்.
வழங்கியது ஒன்று. இருப்பு நாற்பது.

அடுத்த போகம் வெட்டி முடிந்து
உருத்திரபுரத்தில் ஒரு கலியாணம்.
அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள், வாசித்தோம், அவரே பாடினார்.
மாப்பிள்ளையின் சின்னம்மா
பலகாரத் தட்டோடு நடுப்பந்தலில் நின்று மறித்தாள்.
"பாட்டுப் பிழை, தம்பி.
நில் இல்லை, செல்.
தண்ணி வளைவிலை நிண்டால்
எங்கடை கடைசி வயலுக்கு ஆர் தாறது?"

கிளாரினட் என்னைப் பார்த்தது.
நான் அவரைப் பார்த்தேன்.
இப்போது சொல்வார், இப்போது சொல்வார்.
"ஓம் அம்மா" என்றார்.
முதலிலிருந்து தொடங்கினோம்.
செல் என்று பாடினார்.
பந்தலில் எவரும் தேத்தண்ணியைக் கீழே வைக்கவில்லை.

பரந்தன் சந்தி வரும்வரை லொறியில் கதையில்லை.
இறங்கும்போது மட்டும்,
"அந்த இடத்திலை எனக்கும் கால் இடறினதுதான்."

மறுநாள் அவர் சிலிண்டர் எண்ணப் போன நேரம்
பேரேட்டைத் திறந்தேன்.
பெற்றது: சொல் ஒன்று.
உருத்திரபுரம்.
விலை என்ற இடத்தில் ஒரு கோடு.
கையொப்பம் வழமைபோல்,
இந்தமுறை கொஞ்சம் சின்னதாக.