மேல் கட்டில்

அட்டை போன நாவல். யார் பெட்டியில் வந்ததென்று தெரியாது.
ஜுபைல் கேம்ப், பதினேழாம் அறை, ஆறு பேர்.
மூன்று இரும்புக் கட்டில்கள், கீழொன்று மேலொன்று.
ஜன்னலில் சுத்திகரிப்பு ஆலையின் தீ
எரிந்துகொண்டே இருப்பதால்
விளக்கை அணைத்தாலும் எழுத்து தெரியும்.

கதை இதுதான்.
மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருவன்
தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறான்.
தம்பி மாடியில் இருக்கிறான், உடம்பு சரியில்லை,
இரவானால் பால் ஆற்றிக்கொண்டு படியேறுகிறான்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் போலீஸ் வருகிறது.
அந்த வீட்டுக்கு மாடியே இல்லை.

கொளஞ்சி சாரம் கட்டுகிறவன்.
"நான் அப்பவே கண்டுபிடிச்சிட்டேன்.
முப்பத்தொண்ணாம் பக்கத்துல படி பதினொண்ணு,
எண்பதுல பதிமூணு.
தெனம் ஏறுறவனுக்குக் காலே எண்ணிக்கை சொல்லும்."
நான் மறுநாள் வருகைப் பட்டியலுக்குப்
பென்சில் சீவியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெஸ்ஸில் சமைக்கும் இபுராம்சாவுக்குப் படி முக்கியமில்லை.
"ரெண்டு டம்ளர்ல ஊத்துறான், ஒண்ணத்தான் கழுவுறான்.
இன்னொண்ணு எங்க போச்சுன்னு
அந்தப் போலீஸ்காரன்கூடக் கேக்கலியே?"
மூன்று நாள் இதையே கேட்டார், வெங்காயம் உரிக்கும்போதும்.

ராயப்பன் சேஃப்டியில் இருக்கிறான். சிரித்தான்.
"விபத்துக்குக் காரணமானவனே ரிப்போர்ட் எழுதினா இப்படித்தான்.
ஏணி சரிந்ததுன்னு எழுதுவான்,
சரித்தேன்னு எழுத மாட்டான்.
ஒரு எழுத்து மாத்தினாப் போதும், தமிழே காப்பாத்திடும்."
சொல்லிவிட்டு ஏன் என்னைப் பார்த்தானோ.

நிர்மலன் மன்னார்க்காரன்.
கிடைத்த ஒரே வெள்ளிக்கிழமையை இதற்குக் கொடுத்தவன்.
கடைசிப் பக்கம் முடிந்ததும் சுவரில் எறிந்தான்.
"பொய்யன். எண்ட லீவைத் திண்டிட்டான்."
இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுக்கு நடுவில், தானாக:
"இப்ப மாடி இல்லாத வீடெண்டா
முந்தியும் இருக்கேல்லை எண்டே அர்த்தம்?
எங்கட வீட்டுக்கும் மாடி இருந்தது."
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
இபுராம்சா அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

தவசிக்கு நைட் ஷிப்ட், இந்தப் பேச்சு எதிலும் இல்லை.
என் தலைக்கு மேல்தான் அவன் கட்டில்.
விடிகாலையில் வந்து படுப்பான்.
மெத்தையைச் சுருட்டித்தான் வைப்பான், சுத்தக்காரன்.
எதுவரை வந்தாய் என்று கேட்பேன்.
"பாவம்ணே அந்த ஆளு,
பால் ஆறிடுமேன்னு எப்படி ஓடுறான் பாரு" என்றான்.
எல்லோரும் சட்டையைப் பிடித்து உலுக்கிய ஒருவனுக்காக
அவன்தான் உச்சுக்கொட்டினான்.

நூற்றுநாற்பதாம் பக்கத்தில் ஒரு வரிக்கு
யாரோ பென்சிலில் கோடிட்டிருக்கிறார்கள்.
'அவனுக்கு என்மேல் கோபமில்லை, அவனே சொன்னான்.'
யார் என்று கேட்டுக்கொண்டார்கள்.
நான் எப்போதும் பேனாவில்தான் எழுதுகிறவன்.
வராதவனை வந்ததாக ஒருநாளும் போட்டதில்லை,
டைம்கீப்பர் வேலையில் பதினான்கு வருடம்.

நேற்று கொளஞ்சி என் கட்டிலருகே நின்று
ஏணியைப் பார்த்தான்.
"எத்தனை படிண்ணே?"
"நாலு."
உதடசைய எண்ணினான்.
பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

இன்று பத்தொன்பதாம் அறைக்காரன் ஒருவன்
புத்தகம் கேட்டு வாசலில் நின்றான்.
முடிவை மட்டும் சொல்லிடாதீங்க என்றான்.
எனக்கெப்படித் தெரியும், நான் இன்னும் படிக்கவே இல்லை.
தவசியிடம் இருக்கிறது, பத்துப் பக்கம் பாக்கி,
முடித்ததும் தருகிறேன் என்றேன்.

யாரோ ஏசியை நிறுத்தினார்கள்.
இபுராம்சா டீ ஊற்றிக்கொண்டிருந்தார்,
ஐந்து டம்ளரில்.
ஒன்றை எடுத்துக்கொண்டு
ஏணியில் கால் வைத்தேன்.
ஆறிவிடும்.