மெய்யின் மேல் ஒரு புள்ளி

ஹேர்னோசாண்ட் முதியோர் இல்லத்தில்
பிப்ரவரி என்றால் வாளி.
கட்டிலுக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று,
தாதியர் அறையில் மூன்று.
குளிர்கால வாந்தி என்றே அங்கே அதற்குப் பெயர்.
வெள்ளியன்று கீழ்த்தளத்தில் ஒருவர்.
ஞாயிறு பொழுது சாய்வதற்குள் இருபத்தாறு பேர்,
சமையல்காரர், முடிவெட்ட வந்தவர்,
மாமனாரைப் பார்க்க வந்த மருமகள் உட்பட.

ஆல்ஃப்ஹில்டுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.
பத்தொன்பது குளிர்காலமாக ஒன்றும் இல்லை.

சுத்தக்காரி என்றார்கள் முதலில்.
பிறகு கல் வயிறு என்றார்கள்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
பணிப்பட்டியலின் எல்லாக் கட்டத்திலும்
அவள் பெயரை எழுதினார்கள்.

உமெயோவிலிருந்து ஆய்வுக்காரர்கள்
சின்னக் குழாய்களோடு வந்தது அந்த வருடம்தான்.
ரத்தம் வேண்டாம், துப்பினால் போதும்.
வாயூற எலுமிச்சையை நினைக்கச் சொன்னார்கள்.
நினைத்தாள்.
துப்பினாள்.

கடிதம் ஏப்ரலில் வந்தது.
கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

குடல் சுவரில் ஒரு சர்க்கரை இருக்கும்,
அந்த வைரஸ் பிடித்து ஏறும் கைப்பிடி.
அதை ஒட்டவைக்கும் நொதி உங்களிடம் இல்லை.
முந்நூற்றுச் சொச்சம் கண்ணிகள் கோக்க வேண்டிய மரபணு,
நூற்று நாற்பத்து மூன்றாம் இடத்தில்
ஓர் எழுத்து மாறி
அங்கேயே முற்றுப்புள்ளி.

(தமிழில் எழுதுகிற எனக்கு
வேறொரு புள்ளி குறுக்கே வருகிறது.
எழுத்தின் தலையில் உட்கார்ந்து
உயிரை வாசலிலேயே நிறுத்திவைக்கும் புள்ளி.
வைரஸும் ஒரு குற்றுயிர்தானே,
ஏறிக்கொள்ள ஒரு மெய் தேடி அலைவது.)

ஒரு பிரதி பழுதானால் போதாது.
அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று,
இரண்டும் பழுதாக வேண்டும்.
மர ஆலையில் ஹால்வார், பள்ளிக்கூடம் பெருக்கிய ஸ்வேயா:
இருவரிடமும் மற்றப் பிரதி நன்றாகவே இருந்தது.
அதனால்தான் குளிர்காலம்தோறும்
ஒரே வாளிக்கு இருவரும் சண்டை போட்டார்கள்.
அண்ணன் சிக்ஸ்டனுக்கு நல்லது வாய்த்தது.
ஐம்பது வயதிலும் வாந்தி எடுக்கிறான்.
வீட்டை விற்றுக் கடன் அடைத்து
கரண்டிகளைப் பாகம் பிரித்த அன்று
யாரும் கணக்கில் எழுதாத சொத்து இது,
அவளுக்கு மட்டும்.

சந்தோஷப்பட்டிருக்கலாம்.
கோபம் வந்தது.

பன்னிரண்டாம் அறை எவெர்ட் போன இரவில்
மகள் ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்றாள்,
உள்ளே வரத் தடை.
கண்ணாடியில் வாய் வைத்துக் கேட்டாள்,
உங்களுக்குப் பயமே இல்லையா?
இல்லை என்று தலையசைத்து
அவர் கையை இன்னும் இறுகப் பிடித்தாள் ஆல்ஃப்ஹில்டு,
கொஞ்சம் பெருமையோடு.
தைரியம் என்று பத்தொன்பது வருடம் நம்பியது
நூற்று நாற்பத்து மூன்றாம் இடத்திலா இருந்தது?

கடிதத்துக்கு மறுபக்கமும் உண்டு.
எல்லா வகை வைரஸுக்கும் இது பொருந்தாது என்று
பொடி எழுத்தில்.
அவள் திருப்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஜனவரி, அதிகாலை மூன்று மணி.
குளியலறைத் தரை அவ்வளவு குளிரும் என்று
அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.
நாற்பது கிலோமீட்டர் காரோட்டி வந்தான் சிக்ஸ்டன்,
புளுபெர்ரிக் கஞ்சியும் அனுபவமுமாக.
ஒரு வாய். பத்து நிமிஷம் சும்மா இரு. இன்னொரு வாய்.
வாளியை இடப்பக்கம் வை, முட்டாளே.
அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
அவளுக்கும்தான், அடுத்தது வரும்வரை.

வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பினாள்.
பன்னிரண்டாம் அறையில் இப்போது
ஒரு பழைய கப்பல் பொறியாளர்,
நேற்றிரவிலிருந்து வாந்தி.
கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு
கதவருகே ஒரு கணம் நின்றாள்.
இதற்கு முன் அங்கே நின்றதில்லை.