தலைக்கு மேலே, சற்றே தெற்கே

கொசப்பேட்டை தேவநேசன் கேபிள் தொழிலை மூடினார்.
எடைக்குப் போகவிருந்த டிஷ்ஷை
இருநூறு ரூபாய் கூடக் கொடுத்து மறித்தேன்.
எட்டடி, நான்கு இதழ்,
ஒன்றில் மட்டும் தேங்காய் விழுந்த பள்ளம்.
"தெருவே இதுல மேட்ச் பார்த்துச்சும்மா,
இப்ப காக்கா பார்க்குது" என்றார்.
ஸ்பானரைச் சும்மாவே தந்தார்.

மீன்பாடி வண்டியில் கவிழ்த்துக் கட்டினோம்.
சூளை தாண்டுவதற்குள் மூன்று பேர் கேட்டாயிற்று
எந்த மண்டபம், எத்தனை படி வேகும் என்று.
வண்டிக்கார மாசிலா எல்லோருக்கும்
"ராக்கெட்டு" என்றே பதில் சொன்னான்.
தங்கசாலையில் ஒயர்கள் தாழத் தொங்கின.
நான் இறங்கி
துடைப்பக்கட்டையால் தூக்கிப் பிடிக்க
மல்லாந்த ஆமையைப் போல
டிஷ் மெல்ல நுழைந்து போனது.

தண்டையார்பேட்டை வீட்டுக்கார சுலோச்சனாபாய்க்கு
ஒரே நிபந்தனை: தளத்தில் ஓட்டை கூடாது.
மூன்று லாரி டயர்களில் ஜல்லியும் சிமெண்டும் நிரப்பி
மாடிப்படியில் உருட்டி ஏற்றினோம்.
வேதமுத்து மூச்சு வாங்கியபடி கேட்டான்,
"இதுல அப்படி என்னதான் வரும்?"
தெரியாது என்றேன்.
தெரிந்திருந்தால் ஏற்றியிருக்க மாட்டேன்.

பகலில் நான் லென்ஸ் தேய்ப்பவள்.
புரசைவாக்கத்தில் ஒரு கடையின் பின்கட்டில்
முகம் தெரியாத கண்களுக்கு
ஒன்றரை, இரண்டேகால், மைனஸ் நான்கு.
அதனால் இந்தக் கணக்கு பயமுறுத்தவில்லை:
விட்டம் தொண்ணூற்றாறு அங்குலம், ஆழம் பதினாறு,
குவியம் முப்பத்தாறில்.
விளிம்பின் குறுக்கே இரண்டு நூல் கட்டினேன்.
நடுவில் தொட வேண்டும்.
தொடவில்லை, விரற்கடை இடைவெளி.
தேங்காய் செய்த வேலை.
பழைய துண்டு சுற்றிய மரச்சுத்தியலால்
தட்டித் தட்டி,
நூலும் நூலும் ஒட்டியபோது
விளக்கு வைக்கும் நேரம்.

வடக்கே டிஷ்கள் சாய்ந்து நிற்குமாம்.
சென்னையில் அது கிட்டத்தட்ட மல்லாந்தே கிடக்க வேண்டும்,
வெயிலுக்கு வைத்த முறம் போல.
நாம் தேடுவது தலைக்கு மேலே, சற்றே தெற்கே
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரில்
நகராதது போல நகர்ந்துகொண்டிருக்கிறது.

கீழே டி.வி. முன்னால் வேதமுத்து.
மேலே போல்ட்டோடு நான்.
"பூஜ்ஜியம்."
ஒரு நூல் கிழக்கே.
"பூஜ்ஜியம்."
ஒரு நூல் மேலே.
"பூஜ்ஜியம். இட்லி ஆறுது."
மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படி.
மூன்றாவதில் திடீரென்று
"பதினாலு! ஏய், என்ன பண்ணே?"
"ஒண்ணும் பண்ணல. தும்முனேன்."
"மறுபடி தும்மு!"

அன்று இரவு வந்தவள்
எந்த நாட்டுக்காரி என்று இன்னும் தெரியாது.
மொழி புரியவில்லை, வானிலை என்பது புரிந்தது.
அவளுடைய வரைபடத்தின் இடது ஓரத்தில்
பாதி வெட்டுப்பட்டு நம் கரை.
பெயர் எழுதவில்லை.
வங்கக்கடலின் மேகத்தைத்
தன் வீட்டுப் பூனையைப் போலத் தடவிவிட்டுப் போனாள்.
வேதமுத்து எழுந்து
கொடியில் கிடந்த என் சேலையை எடுத்து வந்தான்.
மழை வரவில்லை.

மார்ச் முதல் வாரம், பன்னிரண்டரை மணி.
"போச்சு! எல்லாம் புள்ளி!" என்று கீழிருந்து சத்தம்.
கை வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.
செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால்
சூரியன் வந்து நின்றிருந்தது,
அதன் இரைச்சலில் மற்ற எதுவும் கேட்காது.
குவியத்தில் தொங்கும் எல்.என்.பி.யின் நிழல்
டிஷ்ஷின் நட்டநடுவில்,
அன்று நூல்கள் ஒட்டிய அதே புள்ளியில்
கறுப்பாக, ஒரு கண்மணி அளவுக்கு.
மூன்று ஞாயிறு நான் தடவித் தேடியதை
சூரியன் தொட்டுக் காட்டிற்று.
ஏழு நிமிஷம். தளம் காலைச் சுட்டது.
பிறகு நிழல் கொஞ்சம் நகர,
கீழே அந்தப் பெண்ணின் குரல்.

இப்போதெல்லாம் சுலோச்சனாபாய்
விளிம்பில் துணி காயப்போடுகிறார்.
நேற்று இரண்டு ஈரப் பாவாடைகள்.
ஒன்றைத் தள்ளிவைத்தேன்: அறுபத்திரண்டு.
பச்சைப் பாவாடை இன்னும் இரண்டு புள்ளி தின்கிறது.
தின்னட்டும்,
மாடி அவருடையது.