கசிவு

இரவு ஒன்றரைக்குப் பிறகுதான்
மருதமுனையில் எனக்கு வேலை தொடங்கும்.
அதற்கு முந்தி வீதிக்கு வாய் ஓயாது:
கொத்துக்கடைத் தகடு, கல்முனைக்குப் போகும் கடைசி பஸ்,
எங்கோ ஒரு வீட்டில் முடிக்காத சாறனோடு
மல்லுக்கட்டும் தறி.

கையில் ஓர் இரும்புக் கோல்.
ஒரு முனையை வால்வின் தலையில் ஊன்றி
மறுமுனைக் கிண்ணத்தைக் காதோடு ஒட்டிக் குந்தியிருப்பேன்.
கண்டவர்கள் நினைப்பார்கள்
இவன் வீதியோடு பேசுகிறான் என்று.
பேசுவதில்லை. அதுதான் வேலை.

மேற்கே வயல்பக்கம் என்றால் இத்தனை பாடில்லை.
களிமண்ணுக்கு ஒளிக்கத் தெரியாது,
விடிந்தால் ஒரு குட்டை, அதில் ஒரு கொக்கு.
கடற்கரை மணலோ
எவ்வளவு விட்டாலும் குடித்துவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு படுத்திருக்கும்.

மூன்று மாதமாய்க் கணக்கு உதைத்தது.
தொட்டியிலிருந்து இறங்கிய தண்ணீரில்
நாலில் ஒரு பங்கு
எந்த வீட்டு மீற்றருக்கும் போய்ச் சேரவில்லை.
களவு இணைப்பு என்றார் பொறியியலாளர்.
மீற்றர் பழசு என்றான் குணரெத்தினம்.
பள்ளிவாசலடி மூட்டுத்தான் என்றேன் நான்,
சொன்ன வாயோடு மூன்று இரவு
அங்கேயே காதை வைத்தேன்.
மூன்று இரவும் சீறிற்று.
தோண்டினோம்.
மூட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை.
நான் கேட்டது என் எண்ணத்தை.

மறுநாள் கோலை எடுக்கவே கை கூசியது.
வீட்டில் வேறு ஒரு வழக்கு:
ராத்தாவோடு ஏழு மாதம் பேச்சில்லை,
உறுதியில் எழுதாமல் விட்ட ஆறு பேர்ச் வளவுக்காக.
காதை வைத்தால் முதலில் அதுதான் ஓடும்.
நான் சொன்னது, அவ சொன்னது,
நான் சொல்லியிருக்க வேண்டியது
(அழுத்தம் கூடிய குழாய் எப்போதும் இதுதான்).

விரட்டவில்லை. விரட்டுவதும் ஒரு சத்தம்.
ஓடட்டும் என்று இருந்தேன்.
கால் மரத்தது. ஒரு நாய் வந்து
மணந்து பார்த்துவிட்டு, ஆள்தான் என்று போனது.
மறுகா என் இரத்தம் கேட்டது,
மறுகா அதுவும் பழகி, கடலும் பழகி,
இன்ன இடம் என்று எனக்கு எந்த அபிப்பிராயமும்
இல்லாமல் போன ஒரு கணத்தில்
மெல்லிய இழையாய்,
அடுத்த வீட்டில் யாரோ அரிசி களைவதுபோல்.

கிழக்கே.
கிழக்கே வீடே இல்லை.

அடுத்த வால்வு, அதற்கும் அப்பால்
மணலில் புதைந்த இன்னொன்று,
இராவணன் மீசை காலில் குத்தக் குத்தப் போனேன்.
இப்போதைய வரைபடத்தில் இல்லாத ஒழுங்கை.
இரண்டாயிரத்து நாலு மார்கழியில்
அலை எடுத்துக்கொண்ட பதினொரு வாசல்.
மிஞ்சியவர்களுக்கு மேற்கே மாடிவீடு கொடுத்தார்கள்.
குழாயின் வாயை மூடி போட்டு இறுக்கினார்கள்,
மூடி இற்ற நாளிலிருந்து
அது பழைய விலாசங்களுக்கே
மறுபடி தண்ணீர் கொண்டுபோகத் தொடங்கியிருக்கிறது.

கோலை எடுக்காமல் நெடுநேரம் இருந்தேன்.
அப்போதுதான் கேட்டது,
ஏழு மாதத்துக்கு முன் என் சத்தத்துக்கு அடியில்
ராத்தா சொல்லிவிட்டுப் போன ஒன்று:
"காணியவா கேட்டன்?
வாப்பா மௌத்தான அண்டைக்கு
நீ எங்க நிண்ட எண்டுதான் கேட்டன்."

மணலில் சுண்ணாம்பு நிற்காது.
ஒரு தடியை நட்டு, கழுத்துத் துவாயை அதில் கட்டினேன்.
தோண்ட ஆட்கள் ஏழு மணிக்கு வருவார்கள்.
அவவுக்குச் சொல்ல ஒரு பதில் தேடினேன்;
இல்லை. எங்கே நின்றேன் என்பதுதான் இருந்தது.

பள்ளி ஒலிபெருக்கி சுபஹுக்கு ஒருமுறை இருமியது.
அவ்வளவுதான்,
ஊர் பேசத் தொடங்கிவிட்டது.